நிகராகுவாவிலிருந்து வந்த ஐந்து பெருசுகள்

1988 பிப்ரவரி ஒன்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, கியூபாவில் எங்கள் ஊர் எலாடியோ மிராபாலின் தோட்டத்தில் வெள்ளைத் துணிப் பந்தலுக்குக் கீழே நின்ற முப்பத்தெட்டாயிரம் புகையிலைச் செடிகளும் அவனுக்கு முதுகு காட்டி நின்றன. செடிக்கு ஏது முதுகு என்று மாகாணத் தலைநகர் பினார் தெல் ரியோவிலிருந்து வந்த விவசாய அதிகாரி கேட்டார். புகையிலை போடுகிறவனுக்குத் தெரியும்: இலையின் மேல்பக்கம் முகம், நரம்பு புடைத்த வெளிறிய அடிப்பக்கம் முதுகு. எலாடியோ கிழக்கே நின்றாலும் முதுகு, தெற்கே நின்றாலும் முதுகு. நுனிகள் அத்தனையும் மேற்கே, பக்கத்து வீட்டு ஒனேலியோவின் பன்றித் தொழுவத்தைப் பார்த்து வளைந்திருந்தன. ஒனேலியோவின் வேலிக்கு அந்தப் பக்கம் போய் நின்றால் முகம் தெரியும். அதற்கு எலாடியோவின் மானம் இடம் கொடுக்கவில்லை. அதிகாரி ‘வெயில் கோளாறு’ என்று எழுதிக்கொண்டு, ஒரு காபி குடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

எலாடியோ, அவன் பெண்டாட்டி எர்மெலிந்தா, ஒனேலியோ, மூன்று பேரும் என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அதனால் எனக்கு மரியாதை வைத்து எழுத வராது, மன்னிக்கவும். எழுதப்போகிற எதிலும் ஒரு சொல் கூட்டவும் இல்லை. நம்பாதவர்கள் ஒனேலியோவைப் போய்க் கேட்டுக்கொள்ளட்டும், இன்றைக்கும் தும்மிக்கொண்டுதான் இருக்கிறான்.

எலாடியோ ஒரு நாளைக்கு ஐந்து சுருட்டு பிடிப்பான். ஐந்தும் அவன் நட்டது, அவன் பறித்தது, அவன் உருட்டியது. காபிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, மிச்சம் மூன்றுக்கும் தோட்ட வேலையைப் போலத் தனித்தனி நேரம் உண்டு. கியூபாவுக்கு வெளியே விளைவது புகையிலையே இல்லை, காய்ந்த முட்டைக்கோசு என்பது அவன் கட்சி. இலை பதமாகிற மாதங்களில் வீட்டுக்கே வரமாட்டான். கொட்டகையில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்துக்கொண்டு, தொங்குகிற இலைகளை ஒவ்வொன்றாகத் தடவி, “என் ராஜாத்தி, இன்னும் ரெண்டு நாள் பொறுத்துக்க” என்பான். எர்மெலிந்தாவை அவன் ராஜாத்தி என்று கூப்பிட்டது கல்யாணத்தன்று ஒரே ஒரு தடவை, அதுவும் போட்டோக்காரன் சொல்லிக்கொடுத்து.

முப்பத்தோரு வருஷமாக எர்மெலிந்தா அந்தப் புகையிலையைப் பார்த்து வயிறு எரிந்தாள். அதை அவள் ஒளிக்கவும் இல்லை. கொட்டகைப் பக்கம் சாப்பாடு கொண்டு போனால் இலைகளைப் பார்த்து, “என்ன, எல்லாரும் சௌக்கியமா?” என்று கேட்டுவிட்டுத்தான் திரும்புவாள். ஆனால் அவளை உள்ளே தின்றது வேறு. அவன் அவளுக்காக ஒரு தடவைகூடப் பொறாமைப்பட்டதில்லை. 1965இல் அவள் தங்கை கல்யாணத்தில் ஹவானாவிலிருந்து வந்த சாக்ஸபோன்காரனோடு தொடர்ந்து மூன்று பாட்டுக்கு ஆடினாள். எலாடியோ வாசலில் நின்று மேகம் பார்த்துக்கொண்டிருந்தான். சர்க்கரை லாரி ஓட்டுகிறவன் ஒருத்தன் ஒரு வருஷம் முழுக்க அவளைப் பார்த்து விசிலடித்தான். எலாடியோ அவனை நிறுத்தி, வடக்கே மழையா என்று விசாரித்தான். இந்த ஆள் தனக்காக ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பொறாமையில் வேகவேண்டும். எர்மெலிந்தா வாழ்க்கையிடம் கேட்டது அவ்வளவுதான்.

அந்த வருஷம் ஜனவரியில் நிகராகுவாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நான்கு வருஷத்துக்கு முன்னால் அரசாங்கம் எலாடியோவை அங்கே எஸ்தெலி ஊருக்கு அனுப்பி, பதினான்கு மாதம் புகையிலை வளர்க்கச் சொல்லிக்கொடுக்க வைத்திருந்தது. கடிதம் எழுதியவள் அசுசேனா தலாவெரா, அங்கே சுருட்டு உருட்டுகிறவள். எர்மெலிந்தா உறையைக் கிழித்துப் படித்தாள். ‘எலாடியோ, வருகிற வியாழக்கிழமை உன் ஊர் பஸ்ஸில் என் பூரோ ஐந்து உன்னிடம் வந்து சேரும். மூன்று வருஷம் என் வீட்டில் ஓய்வாக இருந்தவை. வெயிலில் விடாதே, உலர்ந்துபோகும். விறைப்பாக இருந்தால் விரலால் இதமாகப் பிடித்துவிடு. அவசரப்படாமல் ஒவ்வொன்றாகப் பார். அதற்கப்புறம் என் மண்ணைப் பற்றி நீ வாய் திறக்கமாட்டாய்.’

இங்கேதான் வந்தது வினை. நிகராகுவாவில் பூரோ என்றால் சுருட்டு. எங்கள் ஊரில் சுருட்டுக்குச் சுருட்டு என்றுதான் பெயர். பூரோ என்றால் பெருசு, அப்பன், வீட்டுக் கிழவன். எங்கள் பேச்சில் வந்து சேர்வது ஆளா பொருளா என்பதை வினைச்சொல்லும் காட்டிக்கொடுக்காது. ஆக, எர்மெலிந்தா படித்தது இது: அசுசேனா என்பவளின் அப்பனும் பெரியப்பன் சித்தப்பன்களுமாக ஐந்து பெருசுகள் வியாழக்கிழமை பஸ்ஸில் வருகிறார்கள், வெயில் ஆகாது, கை கால் பிடித்துவிட வேண்டும், வந்து பேசிவிட்டுப் போனபிறகு எலாடியோ வாய் திறக்கமாட்டான். ஐந்து பெருசுகள் கிளம்பி வருகிறார்கள் என்றால் எதற்கு? பெண்ணுக்கு நியாயம் கேட்கத்தான்.

அவள் எலாடியோவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒனேலியோவிடம் பன்றி வாங்கி வறுத்தாள், கருப்பு பீன்ஸ் சோறு ஆக்கினாள், மரவள்ளிக்கிழங்குக்குப் பூண்டு தாளித்தாள். ஐந்து கட்டில் இரவல் வாங்கினாள். எங்கள் வீட்டுக் கட்டிலும் போயிற்று. வருகிற கிழவர்களை வயிறு முட்டச் சாப்பிடவைத்து, அதற்கப்புறம் அவர்கள் மகளைப் பற்றித் தான் நினைப்பதை எல்லாம் சொல்வதாகத் திட்டம். வியாழக்கிழமை நல்ல உடுப்பு உடுத்தி, உதட்டுக்குச் சாயம் பூசி, பஸ் நிற்கிற இடத்தில் இரண்டு மணி நேரம் நின்றாள்.

“எர்மெலிந்தா, உங்க வீட்டுக்கு நிகராகுவாலேருந்து பூரோ வந்திருக்கு” என்றான் டிரைவர்.

“தெரியும். இறங்கச் சொல்லு.”

“யாரை?”

“அந்த அஞ்சு பேரையும்தான்.”

டிரைவர் செங்கல் அளவில் ஒரு பெட்டியை ஜன்னல் வழியாக நீட்டினான். நிகராகுவாவிலிருந்து திரும்பி வந்த டீச்சர் ஒருத்தி, பூரோ என்று அங்கத்துப் பேரையே சொல்லி, ஹவானாவில் அவனிடம் கொடுத்தனுப்பியது. பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பு ஆற்றங்கரை வரைக்கும் கேட்டது. எர்மெலிந்தாவும் சிரித்தாள், ஒரு மூன்று நிமிஷம். வீட்டுக்கு நடக்கிற வழியில் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தச் சுருட்டுகளை ஒருத்தி கையால் உருட்டியிருக்கிறாளே. சுருட்டைத் தொடையில் வைத்து உருட்டுவார்கள் என்பது டூரிஸ்ட்டுக்குச் சொல்கிற கதை. எர்மெலிந்தாவின் அம்மாவே முப்பது வருஷம் மேஜையில் உட்கார்ந்து பலகையில் உருட்டியவள். இருந்தும் அன்றைக்கு எர்மெலிந்தா அந்தக் கதையை முழுசாக நம்பினாள். பன்றி வறுவலை ஊர் தின்றது.

எலாடியோ பெட்டியைப் பார்த்துக் காறித் துப்பாத குறைதான். “நான் எஸ்தெலில நாப்பது பேரு முன்னால முட்டைக்கோசுன்னு சொன்னேன். அவ அப்ப ‘பாக்கலாம்’னா. அவ்வளவுதான் எங்களுக்குள்ள பேச்சு. முட்டைக்கோசை அனுப்பியிருக்கா.” பதினோரு நாள் பெட்டி அலமாரியில் கிடந்தது. பதினோரு நாளும் அவன் அலமாரியைக் கடக்கும்போது நடை மெதுவானது. எர்மெலிந்தா அதை எண்ணிக்கொண்டு வந்தாள்.

பிப்ரவரி எட்டு, திங்கட்கிழமை மத்தியானம், கொட்டகைக்குப் பின்னால், செடிகளுக்குப் பத்தடி தள்ளி, அவன் ஒன்றைப் பற்றவைத்தான். முதல் இழுப்பில் குறுமிளகு, நாக்கின் ஓரம் சுட்டது. இவ்வளவுதானா என்று நினைத்தான். ஐந்தாவது இழுப்பில் மழை விழுந்த கரிசல் மண். அப்புறம் கோக்கோ. பாதியைத் தாண்டியதும் கரும்புப்பாகு அடிப்பிடிக்கிற நேரத்து வாசனை. அவனுடைய சொந்தச் சுருட்டு வேறு ஜாதி: சீடர் மரம், பால் விட்ட காபி, புதுச் சேணம், எல்லாம் தணிந்த குரலில். இது கதவைத் தட்டாமல் உள்ளே வந்து கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தது. அவனுக்கு அவமானமாக இருந்தது, ஏனென்றால் பிடித்திருந்தது. “ஐயோ, நல்லா இருக்கே” என்று வாய்விட்டுச் சொன்னான். தப்பு அங்கேதான். நினைத்திருக்கலாம், சொல்லியிருக்கக் கூடாது. மறுநாள் காலை தோட்டம் திரும்பி நின்றது.

முதுகு காட்டியதோடு போயிருந்தால் பரவாயில்லை. நடு வரிசை இலை, சுருட்டுக்கு மேலே சுற்றுகிற பட்டு மாதிரி இலை, அது பறிக்கவேண்டிய பதத்தில் இருந்தது. மூன்று வாரத்துக்குள் பறிக்காவிட்டால் வருஷம் போச்சு. எலாடியோ காம்பை ஒடித்தால் ஒடியவில்லை, ரப்பர் போல வளைந்தது. கூலிக்கு வந்தவர்கள் கைக்கும் அதே கதி. வீட்டிலிருந்த அவன் சொந்தச் சுருட்டுகளும் கட்சி மாறிவிட்டன: பற்றவைத்தால் பற்றும், அவன் உதட்டுக்குப் போனதும் அணையும். என்னிடம் கொடுத்தால் எரிந்தது. சாட்சிக்காக நான் பதினொன்று பிடித்தேன்.

ஒனேலியோ கைக்கு மட்டும் இலை வந்தது. வேலி தாண்டி வந்த ஒரு பன்றியைப் பிடிக்கப் போனவன் தெரியாமல் ஒரு செடியில் கை வைத்தான், இலை டக்கென்று ஒடிந்து அவன் உள்ளங்கையில் விழுந்தது. பிறவியிலேயே மூச்சிரைப்புக்காரன், வாழ்நாளில் ஒரு சுருட்டு பிடித்ததில்லை, புகையிலை வாசனை பட்டாலே கண் சிவந்து தும்முவான். அவன் தும்மும்போது முப்பத்தெட்டாயிரம் செடியும் லேசாகச் சிலிர்த்ததை, விசாரிக்க வந்திருந்த ஊர்க் குழு மொத்தமும் பார்த்தது.

“என்ன மருந்து போட்ட?” என்று எலாடியோ வேலியில் நின்று கேட்டான்.

“நான் என்னப்பா பண்ணினேன்? நான் கூப்பிடவே இல்ல.”

“கூப்பிடாமத்தான் வருதா?”

“உன் செடியை உன் பக்கம் வெச்சுக்கத் துப்பில்ல, என்கிட்ட வந்து குதிக்கிற. எனக்கு இதெல்லாம் வேண்டாம் சாமி, எனக்கு மூச்சு முட்டுது.”

“அதுங்க உன்னைத்தானே பாக்குது!”

“பாக்கட்டும், நான் திரும்பிப் பாக்கறேனா?”

வேறு வழியில்லாமல் மூக்கில் துணி கட்டிக்கொண்டு ஒனேலியோவே பறித்தான். எலாடியோ கொட்டகை வாசலில் தொப்பியை இறக்கிவிட்டு உட்கார்ந்து, அவன் விரல் எந்த இலையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்த்தான். சாப்பாடு இறங்கவில்லை. ஒனேலியோ சட்டையை மாற்றி வந்தால், “யாருக்காக இந்த அலங்காரம்?” என்று தனக்குத்தானே முனகினான். நீ ஒருத்தனைப் பார்த்தால் நானும் ஒன்றைப் பார்க்கிறேன் என்கிற வீம்பில் நிகராகுவாச் சுருட்டில் இரண்டாவதை, மூன்றாவதை, நான்காவதைத் தோட்டத்தின் நடுவிலேயே நின்று பிடித்தான். ஒவ்வொன்றுக்கும் செடிகள் இன்னும் ஒரு சாண் மேற்கே சாய்ந்தன. நான்காவது முடிந்த அன்று ஒரு இலை வேலியைத் தாண்டிப் போய் ஒனேலியோவின் தோளில் படுத்துக்கொண்டது. எலாடியோ அதைப் பார்த்து அழுதான். ஐம்பத்திரண்டு வயது ஆள்.

புகையிலை அவனைக் கைவிட்டதில் எர்மெலிந்தாவுக்கு முதல் இரண்டு நாள் ஒரே கொண்டாட்டம். பால் சோறு காய்ச்சிப் பட்டை தூவினாள், பாட்டுப் பாடினாள். மூன்றாம் நாள் சாப்பாட்டு மேஜையில் அவன் கண்ணைப் பார்த்தாள். சிவந்து, குழிந்து, வேலிப் பக்கமே ஓடுகிற கண். அது என்ன பார்வை என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இந்த மாகாணத்தில் கிடையாது. கண்ணாடியில் முப்பத்தோரு வருஷம் பார்த்தவள். கரண்டியைக் கீழே வைத்தாள். அப்புறமும் பதினைந்து நாள் பொறுத்தாள். தோளில் இலை படுத்த அன்று சாயங்காலம் அவளால் முடியவில்லை.

“ஆக உனக்கு இது வரும்” என்றாள். “உன்கிட்ட இந்தச் சரக்கே கிடையாதுன்னு நெனச்சிருந்தேன். சில ஆம்பளைங்களுக்குக் காது கேக்காது, சிலருக்குக் கண்ணு தெரியாது, என் ஆளுக்கு இது இல்ல, போகட்டும்னு மனசைத் தேத்தி வெச்சிருந்தேன். உன்கிட்ட இருந்திருக்கு. எனக்குத்தான் தரல.”

“எர்மெலிந்தா, மூணு வாரம் முடியப்போகுது, இலை...”

“இலை! நான் செத்தா என் பெட்டியையும் அந்தப் பந்தலுக்குக் கீழயே வெச்சிடு. அப்பவாவது என் பக்கம் பாப்ப.”

மறுநாள் சாயங்காலம் நான்கு மணிக்கு எர்மெலிந்தா குளித்து, பச்சை உடுப்பு உடுத்தி, ஆடும் நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டாள். பெட்டியில் மிஞ்சியிருந்த ஐந்தாவது சுருட்டை எடுத்தாள். வாழ்நாளில் ஒன்றும் பிடித்ததில்லை, ஆனால் நாற்பதாயிரம் தடவை பக்கத்திலிருந்து பார்த்தவள். முனையை அளவாக வெட்டினாள், சீடர் சீவலைக் கொளுத்தி, தீ தொடாமல் சூடு மட்டும் காட்டி, விரலால் சுற்றிச் சுற்றிப் பற்றவைத்தாள். ஒரு இழுப்பு இழுத்து, கண்ணை மூடித் தலையைச் சாய்த்தாள். கழுத்து தெரிந்தது. அப்புறம் சுருட்டைக் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உதட்டை மெதுவாக அசைத்து, அதனிடம் என்னவோ சொன்னாள்.

எலாடியோ வேலியிலிருந்து அதைப் பார்த்தான். ஒனேலியோவைக் கண்காணிக்கிற வேலை நடுவில் நின்றது.

பந்தலுக்குள் சரசரவென்று சத்தம் எழுந்தது. அந்த வேற்றுச் சுருட்டை வேறொருத்தி எடுத்துக்கொண்டாள் என்பது செடிகளுக்குப் புரிந்திருக்க வேண்டும். ஒரு பானை சோறு வேகிற நேரத்தில் வரிசை வரிசையாகத் திரும்பின, முப்பத்தெட்டாயிரமும், முகம் கிழக்கே, எலாடியோவின் வீட்டைப் பார்த்து. ஒனேலியோ மூக்குத்துணியை அவிழ்த்துவிட்டுக் கத்தினான்: “எலாடியோ! திரும்பிடுச்சுப்பா! அத்தனையும் உன்னைத்தான் பாக்குது! அட இங்க பாருய்யா!”

எலாடியோ பார்க்கவில்லை. வீட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தான். வாசல்படியில் வந்து நின்றான்.

“அதுகிட்ட என்ன சொன்ன?”

“எதுகிட்ட?”

“அந்தச் சுருட்டுகிட்ட. என்னவோ சொன்ன. நான் பாத்தேன்.”

“அது எனக்கும் அதுக்கும்.”

“எர்மெலிந்தா, கண்ணை மூடிக்கிட்டு சொன்ன.”

“எனக்குக் கண்ணை மூடணும்னு தோணுச்சு. உன் தோட்டம் கூப்பிடுது, போ.”

“போகமாட்டேன். ஒரு இழுப்பு குடு.”

“தரமாட்டேன்.”

அவன் போகவில்லை. சுருட்டு எரிந்து இரண்டு விரல் நீளம் மிஞ்சுகிறவரை படியில் நின்றான், கை முஷ்டி மடங்கி, காது சிவந்து. எர்மெலிந்தா அதைக் கண்ணை மூடாமல் பார்த்தாள். அன்றைக்கு அவள் அடைந்த சந்தோஷம் எவ்வளவு என்று எழுத எனக்கு அளவு தெரியவில்லை. இருட்டுவதற்குள் எலாடியோ நடு வரிசையில் மிச்சமிருந்ததில் பாதியைப் பறித்துவிட்டான், இலை டக் டக்கென்று வந்தது, ஆனால் பத்து இலைக்கு ஒரு தடவை நிமிர்ந்து வாசலைப் பார்த்தான்.

அதற்கப்புறம் வருஷாவருஷம் அசுசேனா ஐந்து அனுப்பினாள், எர்மெலிந்தாவின் பெயருக்கு. இரண்டு பேரும் சினேகிதிகளாகி, பேரப்பிள்ளைகளின் போட்டோ பரிமாறிக்கொண்டார்கள். எலாடியோவுக்கு அந்தச் சுருட்டில் தன்னிடம் இல்லாதது எது என்று தெரிந்தே ஆகவேண்டும் என்றாகிவிட்டது. வெளிநாடு போய் வருகிற டாக்டர், கப்பல்காரன், விளையாட்டுக்காரன் யாரையும் விடமாட்டான். ஹோண்டுராஸ், மெக்சிகோ, ஈக்வடார், ஒரு தடவை கேமரூன் இலை சுற்றிய ஒன்று, எல்லாவற்றையும் பிடித்துப் பார்த்து, ஒவ்வொன்றிலும் எர்மெலிந்தா கண்ணை மூடக் காரணமானதைத் தேடினான். பிடித்த மறுநாள் தோட்டம் முதுகு காட்டும். ஹோண்டுராஸ் என்றால் இரண்டு நாள். மெக்சிகோ என்றால் கோபம் ஒரு நாள்கூடத் தாங்காது. தோமினிகன் சுருட்டுக்கு மட்டும் ஒரு வாரம், அங்கே விளைவது இங்கிருந்து போன விதை என்பதால் சொந்தக்காரச் சண்டை. ஒனேலியோ அந்த வாரம் தும்மல் மருந்து வாங்கி வைத்துக்கொள்வான். எலாடியோ அப்போதும் கியூபாவுக்கு வெளியே விளைவது முட்டைக்கோசு என்றுதான் சொல்லித் திரிந்தான், குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

2006 ஜனவரியில் அவனுக்கு இதயம் நின்றது. அதற்கு முன்னால், காலை பத்து மணிக்கு, படுக்கையைச் சுற்றி நாங்கள் எல்லோரும் நிற்கும்போது, எர்மெலிந்தாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

“அன்னைக்கு அந்தச் சுருட்டுகிட்ட என்ன சொன்ன?”

“தூங்கு” என்றாள்.

“என்னைப் பத்தியா?”

“இல்ல.”

அவன் முகம் அதே மாதிரி ஆயிற்று, காது சிவந்தது. அந்த முகத்தோடுதான் போனான்.

அடக்கம் முடிந்து வந்த மத்தியானம் நான் துணிந்து கேட்டேன். எர்மெலிந்தா சுற்றும் முற்றும் பார்த்தாள். “ஒண்ணும் சொல்லல. தொண்டையில புகை அடைச்சுக்கிச்சு. இருமினா மானம் போயிடும்னு அடக்கினேன், அதான் உதடு அசைஞ்சுது. கண்ணை மூடினதும் அதுக்குத்தான், தண்ணியா கொட்டுச்சு” என்றாள். “நேத்துக் காலையில சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லியிருந்தா அவருக்கு நிம்மதியா இருந்திருக்கும். பதினெட்டு வருஷமா எனக்குன்னு அவர் வெச்சிருந்தது அது ஒண்ணுதான், அதை எப்படிப் பிடுங்குவேன்?” அப்புறம் முகத்தைத் துணியில் புதைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள்.

செடிகள் மூன்று நாள் யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்து நின்றன. நான்காம் நாள் எர்மெலிந்தா கூடையோடு போனபோது நிமிர்ந்து இலையைக் கொடுத்தன. இப்போது நடு வரிசை பறித்துக்கொண்டிருக்கிறார்கள், இந்த வருஷம் இலை நீளமாக வந்திருக்கிறது.